யார் அனுப்பி வந்தவன்?

போடியில் ஒரு கல்யாணம். பெண் வீட்டுச் சீர்வரிசையில் முதல் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்து வந்தவனே, பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் பக்கம் நின்று “மாமா, இன்னொரு கரண்டி” என்று பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தான். இரண்டு வீட்டாரும் அவனைத் தங்கள் ஆள் என்றே நினைத்திருந்தார்கள். கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் பெண்ணின் அப்பா வீட்டை விற்றார். வாங்கியவர் மாப்பிள்ளையின் சித்தப்பா. முடித்து வைத்தவன் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

அவன் பெயரை எழுத மாட்டேன். எழுதக் கை கூசுகிறது. வீட்டுத் தரகன். என்னைவிடப் பத்து வயது மூத்தவன், ஆனாலும் என்னை “அக்கா” என்பான். என் தங்கை செல்வியைத் “தங்கச்சி” என்பான். அவள் வீட்டுக்காரரை “மாப்ளே” என்பான். அந்த முறை எப்படி வரும் என்று யாரும் அவனைக் கேட்டதில்லை. சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பையில் எப்போதும் நாலைந்து பச்சை ஏலக்காய். பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் எதிரே இருப்பவர் உள்ளங்கையில் ஒரு காயை வைப்பான். ஏலக்காய் வாசத்திலேயே பிறந்து வளர்ந்த ஊர்க்காரர்கள் நாங்கள். அதையும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, பல் இளித்துக்கொண்டு அவன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினோம். 

ஒரு வீட்டுக்குள் வந்தால் நாற்காலியில் உட்கார மாட்டான். நேரே அடுப்படி வாசலுக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, “ஆத்தா, ஒரு வாய் தண்ணி” என்பான். கை கழுவுகிற சாக்கில் குழாயைத் திறந்து தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்ப்பான். பேசிக்கொண்டே விரல் முட்டியால் சுவரைத் தட்டுவான். இதையெல்லாம் நாங்கள் கவனிக்காமல் இல்லை. பாசமான மனுஷன், சொந்த வீடு மாதிரிப் புழங்குகிறான் என்று பெருமையாக எடுத்துக்கொண்டோம்.

அவனிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டை விற்க நினைக்கிறவர்களிடம் என்ன விலை என்று கேட்கவே மாட்டான். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்பான். எப்போது போக வேண்டும் என்று கேட்பான். பொண்ணுக்குத் தேதி குறித்தாச்சா, ஆஸ்பத்திரிச் செலவு யார் பார்க்கிறார்கள், பையன் பணம் அனுப்புகிறானா என்று ஒவ்வொன்றாகக் கேட்பான். கேட்கிற முகத்தில் அவ்வளவு வருத்தம் இருக்கும். விலையைக் கேட்டிருந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் உஷாராகியிருப்பார்கள். ஏலக்காய் விலையை மூடி மூடிப் பேசியே பழகியவர்கள் அல்லவா? கஷ்டத்தைக் கேட்டதால் கொட்டிவிட்டார்கள். கஷ்டத்தைச் சொன்ன பிறகு விலையைச் சொல்லாமல் இருந்து என்ன லாபம்?

அவனுடைய வேலை எப்படி நடக்கிறது என்பதை ஒரு தடவை மிகப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நான் போடியில் லேடீஸ் டெய்லர் கடை வைத்திருக்கிறேன். மலைமேல் இருக்கும் குரங்கணியில் ஒரு கல்யாண வீட்டுக்கு ரவிக்கைகளைக் கொடுத்துவிட்டு ஜீப்பில் கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். நடு சீட்டில் அவன். அவனுக்கு இடப்பக்கம் குரங்கணிக்காரர் ஒருவர். வீட்டையும் அதைச் சுற்றியிருந்த கொஞ்சம் காப்பித் தோட்டத்தையும் விற்க நின்றவர். வலப்பக்கம் கோட்டயம் பக்கத்திலிருந்து வந்த சேட்டன், வாங்க வந்தவர். குரங்கணிக்காரருக்கு மலையாளம் வராது. சேட்டனுக்குத் தமிழ் அவ்வளவாகப் புரியாது. இவன் இரண்டு பேர் தொடையிலும் ஒவ்வொரு கையை வைத்துக்கொண்டு வந்தான்.

குரங்கணிக்காரரிடம் சொன்னான்: “அப்பு, சேட்டனுக்கு வீடு அம்புட்டாப் பிடிக்கல. வழி சரியில்லங்கிறாரு. நான்தான் உனக்காகப் பேசிப் பேசி இழுத்துட்டு வர்றேன். நீ கொஞ்சம் எறங்கி வந்தா வெரசா முடிச்சிருவேன்.”

அந்தப் பக்கம் திரும்பி, “சேட்டா, இயாள்க்கு பைசைக்கு அத்யாவசியமா. கொறச்சு நின்னால் தன்னே இறங்கும்” என்றான். இந்த ஆளுக்குப் பணம் அவசரம், கொஞ்சம் பொறுத்தால் தானாக இறங்கி வருவான் என்று அர்த்தம்.

நான் பத்தாவது வரைக்கும் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து எஸ்டேட்டில் வளர்ந்தவள். எனக்கு இரண்டும் புரிந்தது. நடுவில் உட்கார்ந்திருப்பவன் யாருக்காகப் பேசுகிறான் என்பதுதான் புரியவில்லை. போடியில் இறங்கியதும் சொல்லியே விட்டேன்.

“அண்ணே, எனக்கும் மலையாளம் தெரியும்ணே.”

அவன் முகம் கொஞ்சமாவது மாற வேண்டுமே! “அப்படியாக்கா? நல்லதாப் போச்சு. சேட்டன்மார் வந்தா பேசுறதுக்கு உனக்கு இனி ஆள் தேட வேணாம்” என்று சிரித்தான். என் கையிலும் ஒரு ஏலக்காயை வைத்துவிட்டு, அந்தக் குரங்கணிக்காரரின் தோளில் கை போட்டுக்கொண்டு டீக்கடைக்குள் போனான். நான் அந்தக் காயைச் சாக்கடையில் எறிந்தேன்.

செல்வி விஷயத்துக்கு வருகிறேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

செல்வியின் வீடு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. மாமனார் கட்டிய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அவளும் அவள் வீட்டுக்காரரும் சேர்ந்து கட்டிய வீடு, பத்திரம் செல்வி பெயரில். சுவரோடு சுவராகப் பக்கத்தில் ஒரு ஏலக்காய் வியாபாரியின் கடையும் சரக்குக் கிட்டங்கியும். செல்வி வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாரத்துக்கு மூன்று தடவை ரத்தம் சுத்தம் செய்ய வேண்டிய நிலை. ஒரே மகனுக்கு மதுரையில் வேலை. போடி வீட்டை விற்றுவிட்டு மதுரைக்கே போய்விட்டால், மகன் கூட்டிக்கொண்டு போய் வருவான், இவள் ஒண்டியாகத் திண்டாட வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு வீடும் அமைந்தது. தரைத்தளம். மனுஷனால் நாலு படி ஏற முடியாது என்பதால் அதுதான் முக்கியம். தை முடிவதற்குள் பணம் கட்ட வேண்டும், அதற்கு மேல் காத்திருக்க மாட்டேன் என்று அந்த வீட்டுக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார்.

இவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. ஒரு தரைத்தளத்து வீடு. அதற்குப் போடி வீடு இன்ன விலைக்குப் போயாக வேண்டும். ஒரு ரூபாய் அதிகம் ஆசைப்பட்டவள் இல்லை அவள்.

ஐப்பசியில் ஒரு நாள் அவன் தானாக வந்தான். “மாப்ளைக்கு ஒடம்பு சொகமில்லன்னு கேள்விப்பட்டேன் தங்கச்சி, மனசு கேக்கல” என்றானாம். வாழைப்பழம் இந்த நோய்க்காரர்களுக்குக் கூடாது என்று தெரிந்து ஆப்பிள் வாங்கி வந்திருந்தான். அது வரைக்கும் விசாரித்து வைத்திருக்கிறான், படுபாவி. கட்டிலில் உட்கார்ந்து, வீங்கிக் கிடந்த அவர் காலை மெல்ல அமுக்கிவிட்டான். செல்வி கண்கலங்கிப் போனாள். அவருடைய சொந்தத் தம்பிகள் கூட எட்டிப் பார்க்காத சமயம் அது.

நான் அந்த வாரம் கடைசியில் போனபோது அவன் அங்கே சாப்பிட்டு முடித்து, தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவன் தலை மறைந்ததும் செல்வியைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏண்டி, இவன் எதுக்கு இங்க வர்றான்?”

“நல்ல மனுஷன்க்கா. வீட்ட நல்ல எடத்துல முடிச்சுத் தர்றேன்னாரு.”

“கடைசி வெலைய மட்டும் இவன்கிட்டச் சொல்லிராத.”

“சொல்லிட்டேனேக்கா.”

“தை முடியக் கட்டணும்ங்கிறத?”

“அதயுந்தான். ஏன்க்கா, மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? நம்ம கஷ்டம் தெரிஞ்சாத்தானே அவரு வெரசா பாப்பாரு.”

தலையில் அடித்துக்கொண்டேன். ஜீப்பில் பார்த்ததைச் சொன்னேன். அவள் கேட்கவே இல்லை.

“மத்தவங்ககிட்ட அப்படி இருப்பாரா இருக்கும். என்கிட்டக் கமிஷன் ஒத்த ரூவா வேணாம்ட்டாருக்கா. மாப்ள இப்படிக் கெடக்கையில உங்கிட்ட வாங்குனா வெளங்குவனான்னு கேட்டாரு.”

“அப்ப அவன் வயித்துக்கு யாருடி சோறு போடுறா?”

“நம்ம வீட்லதான் சாப்பிடுறாரு” என்றாள் செல்வி.

இப்படி ஒரு வெள்ளந்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தரகன் கமிஷன் வேண்டாம் என்று சொன்னால் எங்கள் ஊரில் அவனைத் தியாகி என்கிறார்கள். அவனுக்குக் கூலி வேறு எங்கோ பேசியாகிவிட்டது என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

பக்கத்துக் கடை வியாபாரியே கேட்கிறார் என்று ஒரு நாள் வந்து சொன்னான். முதலில் ரொம்பக் குறைத்துக் கேட்டாராம். செல்வி முடியாது என்றாள். இரண்டு வாரம் ஆளைக் காணோம். பிறகு வேர்த்து விறுவிறுத்து வந்து, “அண்ணாச்சிகூடச் சண்டையே போட்டுட்டேன் தங்கச்சி. கடைசில ஒத்துக்கிட்டாரு” என்றான். ஏற்றிக்கொண்டு வந்த விலை எது தெரியுமா? செல்வி அவனிடம் சொன்ன கடைசி விலை. அட்சரம் பிசகவில்லை. அவள் அதைச் சாமி கொடுத்த வரம் என்றாள். கார்த்திகைக் கடைசியில் மூன்று மாதத் தவணை போட்டு அக்ரிமெண்ட் எழுதினார்கள்; தையிலேயே பதிந்துவிடலாம் என்று அவன் வாய் வார்த்தையாகச் சொன்னதை இவள் நம்பினாள். வந்த அட்வான்ஸை அப்படியே கொண்டுபோய் மதுரை வீட்டுக்கு அட்வான்ஸாகக் கட்டினாள்.

தை பிறந்தது. பதிவுக்கு நாள் குறிக்க வேண்டிய நேரத்தில் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். பின்சுவரில் விரிசல் இருக்கிறதாம். அண்ணாச்சி ரெண்டு லட்சம் குறைக்கச் சொல்கிறாராம். “இல்லேன்னா தவண இருக்குல்ல, மாசி கடைசில பதிஞ்சுக்கிறேங்கிறாரு. நான் எம்புட்டோ சொல்லிப் பாத்தேன் தங்கச்சி, அந்த மனுஷன் கல்லு.”

மாசிக் கடைசி வரைக்கும் இவளால் பொறுக்க முடியாது என்று அந்தக் கல்லுக்கு யார் சொன்னது? விரிசல் அந்த வீட்டுக்குப் பால் காய்ச்சிய வருஷத்திலிருந்தே இருக்கிறது. சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தவன் அவன்தானே! செல்வி இரண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்து, மகன் எங்கேயாவது புரட்டிவிடுவான் என்று நம்பி, சரி என்று சொல்லிவிட்டாள்.

பதிவு அன்று காலை. கடையைத் திறந்துவிட்டு, பதினொரு மணிக்குப் பத்திர ஆபீசுக்குப் போகலாம் என்று இருந்தேன். ரவிக்கை அளவு கொடுக்க ஒரு டீச்சர் வந்தார். பழக்கமானவர். டேப்பை வைத்துத் தோளை அளந்துகொண்டிருக்கும்போது பேச்சுவாக்கில் சொன்னார்.

“உங்க தங்கச்சி வீட்டத்தான் நாங்க ரொம்ப ஆசப்பட்டோம். கையில பணத்த வச்சுக்கிட்டு அந்தத் தரகர்கிட்டக் கேட்டோம். அவங்க சொல்ற வெலையே குடுக்கிறோம், கொறைக்கவே வேணாம்னோம். அட்வான்ஸ் முடிஞ்சு போச்சும்மா, இனி பேசாதீங்கன்னுட்டாரு.”

“எப்ப டீச்சர்?”

“தீபாவளிக்கு முன்னாடி.”

தீபாவளிக்கு முன்னால் அட்வான்ஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கையில் இருந்த டேப்பை அப்படியே போட்டுவிட்டு, டீச்சரைக் கடையில் உட்கார வைத்துவிட்டு ஆட்டோ பிடித்து ஓடினேன்.

பத்திர ஆபீஸ் வாசலில் வேப்ப மரத்தடியில் இன்னொரு ஆட்டோ. பின் சீட்டில் செல்வி வீட்டுக்காரர் சாய்ந்து கிடந்தார். முந்தின நாள்தான் மதுரைக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்து வந்தவரை வீட்டில் தனியாக விட முடியாமல் செல்வி கூட்டி வந்திருந்தாள். “வாங்க மதினி” என்று சொல்லக்கூட அவருக்குத் தெம்பில்லை. உள்ளே ஒரு பெஞ்சில் செல்வி. எதிர்ப் பெஞ்சில் வியாபாரியும் அவர் கணக்குப்பிள்ளையும். இவன் செல்வி பக்கத்தில், அவளுடைய மஞ்சள் பையைத் தன் கையில் வாங்கி வைத்துக்கொண்டு நின்றான். கூடப் பிறந்தவன் கூட அப்படி நிற்க மாட்டான்.

நான் சத்தம் போட்டுத்தான் கேட்டேன். நாலு பேர் கேட்கட்டும் என்றுதான் கேட்டேன்.

“டீச்சர் வீட்ல முழு வெலைக்குக் கேட்டாங்களாமே. ஏன்யா வந்து சொல்லல? நீ யாருக்குய்யா வேல பாக்குற?”

ஆபீசே திரும்பிப் பார்த்தது. வியாபாரி செல்போனை எடுத்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டார். இவன் மறுக்கவில்லை, கோபப்படவில்லை. பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னான்.

“அக்கா, ஏன் சத்தம் போடுற? தங்கச்சியா என்னக் கூப்புட்டுச்சு? சந்துக்குள்ள இந்த எடம் வேணும்னு அண்ணாச்சிதான் என்ன அனுப்புனாரு. அவருகிட்டக் கூலி வாங்கிக்கிட்டு வேற ஆளக் கூட்டியாந்தா அது துரோகமில்லையா? யாரு அனுப்பி வர்றேன்னு இம்புட்டு நாள்ல நீங்க ஒருத்தராச்சும் கேட்டீங்களா?”

சீ! அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை, அதுதான் என்னை இன்னும் அருவருக்க வைத்தது. வியாபாரிக்கு உண்மையாக இருந்தானாம். அந்த உண்மையை நிறைவேற்ற, சாகக் கிடந்த மனுஷன் கட்டிலில் உட்கார்ந்து, அவர் வீட்டுச் சோற்றைத் தின்று, அவர் பெண்டாட்டியை அழவைத்து வேவு பார்த்தானாம். அதை எந்த முகத்தோடு வாய்விட்டுச் சொல்கிறான் இந்த ஜென்மம்!

நான் செல்வி கையைப் பிடித்து இழுத்தேன். “எந்திரிடி. போவோம்.”

“எங்கக்கா போறது?” என்றாள். “அட்வான்ஸ மதுரைல கட்டியாச்சு. தை முடிய எட்டு நாளுதான் இருக்கு. அவரு ஆட்டோல கெடக்காரு.”

அவள் டோக்கனைக் கூப்பிட்டார்கள். போட்டோ எடுத்தார்கள், கட்டை விரலை அந்தச் சின்ன மெஷினில் வைக்கச் சொன்னார்கள். செல்வி எழுந்து போய் எல்லாம் செய்தாள். சாட்சிகள் யார் என்று கேட்டார் உள்ளே இருந்தவர். இரண்டு பேர் வேண்டும்; எங்கள் ஊரில் விற்கிறவர் பக்கம் ஒருவர், வாங்குகிறவர் பக்கம் ஒருவர் என்று நிற்பதுதான் வழக்கம். வியாபாரிக்கு அவர் கணக்குப்பிள்ளை எழுந்தார். இவன் சட்டைப் பையிலிருந்து ஆதார் கார்டை எடுத்துக்கொண்டு, செல்விக்குப் பக்கத்தில் போய் நின்றான். இவள் பக்கத்துச் சாட்சியாம்! பத்திரத்தில் ஏற்கெனவே இவன் பெயரை டைப் செய்து வைத்திருந்தார்கள்.

செல்வி அவனைத் திரும்பிப் பார்த்தாள். எதிர்த்து ஒரு சொல் பேசியறியாதவள்.

“வேணாம்ணே. நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க. எனக்கு எங்க அக்கா போடும்.”

பத்திர எழுத்தர் முணுமுணுத்துக்கொண்டே அந்தப் பெயரை அடித்து என் பெயரை எழுதினார். பத்திரத்தில் அடித்தல் திருத்தல் வந்துவிட்டதே என்று அவருக்கு எரிச்சல். அவனுக்கு எரிச்சல்கூட இல்லை. “சரி தங்கச்சி” என்று ஆதாரைப் பையில் போட்டுக்கொண்டு, நாலு எட்டு நடந்து வியாபாரி பக்கத்தில் போய் நின்றான். அங்கே நின்றும் அதே முகம். நான் கையெழுத்துப் போட்டேன்.

குறைந்த ரெண்டு லட்சத்தை மகனால் புரட்ட முடியவில்லை. தை முடிந்தது. அந்தத் தரைத்தளத்து வீடு வேறொருவருக்குப் போனது, கட்டிய அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது. கையிலிருந்த மிச்சப் பணம் வைத்தியத்துக்குக் கரைய, இப்போது செல்வி குடும்பம் மதுரையில் வாடகைக்கு ஒரு மாடி வீட்டில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாட்களில் மகனும் கீழ்வீட்டுப் பையனும் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து இறக்குகிறார்கள், அதே மாதிரி ஏற்றுகிறார்கள். நாற்காலி திரும்புகிற இடத்தில் அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார்.

போன சித்திரையில் பார்க்கப் போயிருந்தேன். தரைத்தளத்தில் ஏதாவது வாடகைக்குக் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். முந்தின நாள் மத்தியானம் ஒரு தரகர் வந்தாராம், வயசானவர், வெயிலில் மாடியேறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாராம்.

“வாசல்லயே நிறுத்திட்டேன்க்கா. யாரு அனுப்பி வர்றீங்க, யாருகிட்டக் கூலி வாங்குறீங்க, மொதல்ல அதச் சொல்லுங்கன்னேன். தண்ணி கேட்டாரு. பதில் சொல்லுங்க, அப்புறம் தர்றேன்னுட்டேன். அந்தாளு அப்படியே எறங்கிப் போயிட்டாரு.”

சொல்லிவிட்டு, இப்போது விவரம் வந்துவிட்டது பார் என்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். வீட்டுக்கு வந்த யாரையும் வெறும் வயிற்றோடு அனுப்பாதவள் என் தங்கை. அந்த நிமிஷமே பஸ் ஏறி, போடியில் அவன் எந்த வீட்டு அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாலும் தேடிப் போய், அந்த வெள்ளைச் சட்டையிலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.